நிலாவெளி வீதி மயானத்தில் இல்லாதவர்கள்

தம்பி, வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேணும் என்பதற்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிப் போட்டுவிட்டுத் தொடங்குகிறேன். நீங்கள் திருகோணமலை உப்புவெளிப் பிள்ளை. நிலாவெளி வீதியில் இருக்கிற இரண்டாம் உலகப் போர் மயானத்து வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போய்வந்தவர். அங்கே கிடப்பவர்கள் செத்தவர்கள். பிடிபட்டவர்கள் என்ன ஆனார்கள், நம் துறைமுகத்திலிருந்து போய் யப்பான்காரனிடம் அகப்பட்டவர்கள் உண்டா, திரும்பியவர்கள் பிறகு எப்படிச் சீவித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு சொந்த விஷயம் ஒன்று. உங்கள் அம்மம்மாவின் தமையன் மலாயா ரயில்வேயில் வேலை செய்தவர். போர் முடிந்து ஊர் வந்த ஒருவர் "அவரைச் சயாமுக்குக் (இன்றைய தாய்லாந்து) கொண்டுபோனவங்கள்" என்று சொன்னதோடு அவர் கதை நின்றுபோனது. வீட்டில் மிஞ்சியது காக்கி உடுப்போடு நிற்கும் ஒரு படம் மட்டும். அவரும் போர்க்கைதிதானா, பெயர் எங்கேயாவது இருக்குமா?

இரண்டாவதற்கு ஒரு வரியில் சொன்னால், அநேகமாக இல்லை. அவரைப் பிடித்தது போர்தான், ஆனாலும் "போர்க்கைதி" என்ற சொல்லுக்குள் அவர் வரமாட்டார். ஏன் வரமாட்டார் என்று விளக்கப் போனால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் வந்துவிடும். முப்பது வருஷம் வரலாறு படிப்பித்தவன் நான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

முதலில் ஊரில் உலாவுகிற ஒரு பிழை. ஹெர்மிஸ் என்ற பிரித்தானியக் கப்பலில் இருந்தவர்களை யப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனான் என்று சிலர் சொல்வார்கள். இல்லை. 1942 ஏப்ரல் 8 இரவே எச்சரிக்கை கிடைத்து அந்த விமானந்தாங்கிக் கப்பல் திருகோணமலையை விட்டு வெளிக்கிட்டது. மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் விமானங்கள் அதைத் தாழ்த்தின. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். தண்ணீரில் தத்தளித்தவர்களில் பெரும்பாலானோரை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. அன்று குண்டு போட்டுவிட்டுத் திரும்பிப்போனதே தவிர, ஆள் பிடிக்க அந்தப் படை நிற்கவில்லை. திருகோணமலைச் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்ததும் அதே நாள்தான்.

ஆனால் அதற்கு ஐந்து நாள் முன்னர் ஒருவர் பிடிபட்டிருந்தார். கனடாக்காரர், லெனர்ட் பேர்ச்சல் என்று பெயர். காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கலையிலிருந்து கத்தலீனா என்ற நீர்விமானத்தில் ரோந்து போனவர், ஏப்ரல் 4 பின்னேரம் இலங்கைக்குத் தெற்கே பல நூறு மைல் தள்ளி யப்பானியக் கப்பற்படை வருவதைக் கண்டார். கண்டதைக் கம்பியில்லாத் தந்தியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே விமானத்தைச் சுட்டு விழுத்திவிட்டார்கள். ஒன்பது பேரில் மூவர் செத்தார்கள், மிச்ச ஆறு பேரையும் யப்பானியக் கப்பல் ஏற்றிக்கொண்டது. கொழும்பு தயாராக நின்றதற்கு அந்தத் தந்திதான் காரணம். "இலங்கையின் மீட்பர்" என்று அவருக்குப் பேர் வந்தது அதனால்தான்.

அவரைக் கொண்டுபோன இடம் யொக்கொஹாமாவுக்குப் பக்கத்தில் ஓஃபுனா என்ற முகாம். பிடிபட்டவர்களை விசாரிக்க யப்பானியக் கடற்படை வைத்திருந்த இடம் அது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அப்படியொரு முகாம் இருப்பதையே அறிவிக்கவில்லை. அங்கே இருக்கிறவன் உயிரோடிருக்கிறான் என்று வெளியே ஒருவருக்கும் தெரியாது, வீட்டுக்கு "காணாமற்போனார்" என்ற தந்திதான் போகும். இந்தச் சொல் எவ்வளவு பழகின சொல் என்று உங்களுக்கோ எனக்கோ ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேர்ச்சல் பிழைத்தார். பிறகு போன முகாம்களில் வருத்தக்காரரை வேலைக்கு இழுத்த காவலாளிகளோடு மல்லுக்கு நின்று அடிவாங்கினார். நடந்ததையெல்லாம் களவாகக் குறிப்பெழுதி மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தார். போர் முடிந்தபின் போர்க்குற்ற விசாரணைக்கு அந்தக் குறிப்புகள் சாட்சியாயின. கனடாவில் படைக் கல்லூரி ஒன்றின் தலைவராக இருந்து, 2004-ல் 89 வயதில் செத்தார். போர்க்கைதிகளின் பிற்கால வாழ்க்கை என்று தேடுகிறவர்கள் இப்படியான ஆட்களைத்தான் முதலில் காண்பார்கள். நிமிர்ந்த வாழ்க்கை, பதக்கம், பேட்டி. எல்லாருக்கும் அப்படி அமையவில்லை.

இனி நம் துறைமுகத்துக்கு வருகிறேன். 1944-ல் பிரித்தானிய நீர்மூழ்கிகள் இங்கிருந்துதான் மலாக்கா நீரிணைக்குப் போய்வந்தன. அவற்றில் ஸ்ட்ராட்டஜெம் என்பது அந்த நவம்பரில் திருகோணமலையை விட்டுப் போனது. 22ஆம் தேதி மலாக்காவுக்குப் பக்கத்தில் யப்பான்காரர் நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகளைப் போட்டு அதை உடைத்தார்கள். முன்பக்க அறையில் இருந்தவர்களில் சிலர் மூடியைத் திறந்து மேலே வந்துவிட்டார்கள். உயிரோடு பிடிபட்டவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் மூன்று பேர். மற்றவர்களைச் சிங்கப்பூரில் பிரித்துவைத்ததோடு அவர்கள் தடம் அழிந்துபோனது.

அடுத்தது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. 1945 ஜனவரி 16-ல் பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை இங்கிருந்து நங்கூரம் தூக்கியது. நான்கு விமானந்தாங்கிகள். நம் குடாவுக்குள் அவை நின்ற காட்சியைப் பார்த்த கிழவர்களோடு நான் சின்ன வயதில் கதைத்திருக்கிறேன், "கடல் தெரியேல்ல, இரும்புதான் தெரிஞ்சது" என்பார்கள். அவுஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளை அந்தப் படை 24ஆம் தேதி ஒருமுறையும் 29ஆம் தேதி இன்னொருமுறையும் தாக்கியது. விழுந்த விமானங்களின் பொடியன்கள் சிலர் பிடிபட்டார்கள். அவர்களில் ஒன்பது பேரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய், போர் முடிகிற நாட்களில் சாங்கிப் பக்கம் கழுத்தை வெட்டிக் கடலில் போட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது. இங்கிலாந்தில் லீ-ஒன்-சொலண்ட் என்ற இடத்தில், கல்லறையில்லாத கடற்படை விமானிகளின் பெயர்களைப் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்று உண்டு, அவ்வளவுதான். நிலாவெளி வீதியில் புல் வெட்டி, கல் கழுவி வைத்திருக்கிற அந்த வரிசைகளுக்குள் அவர்களைத் தேடிப் பயனில்லை.

பிடிபட்டவர்களில் பெருந்தொகை 1942 பெப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது அகப்பட்ட தரைப்படைக்காரர். பிரித்தானியர், அவுஸ்திரேலியர், இந்தியர் என்று எண்பதாயிரத்துக்குக் குறையாது. இந்தியரைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள், சேராதவர்களில் பலரை நியூகினி வரை கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். வெள்ளையரிலும் ஒல்லாந்தரிலும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீற்றர் ரயில்பாதை போட அனுப்பினார்கள். 1943 ஒக்டோபரில் இரண்டு முனையும் சேர்ந்தது. அந்தப் பாதையில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் செத்தார்கள்.

எதனால் செத்தார்கள் என்று கேட்டால் அடி, உதை என்று நினைப்பீர்கள். அதுவும்தான். கூடுதலாகக் கொன்றது வயிற்றோட்டம், கொலரா, மலேரியா, காலில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண், அதோடு பெரிபெரி. கடைசியாகச் சொன்னது நம்மோடு சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் விலகிப் போகிறேன்.

பெரிபெரி என்பது விற்றமின் பி1 இல்லாமல் வருகிற வருத்தம். காலிலிருந்து வீங்கி, இருதயம் நின்று ஆள் போவான், இல்லையென்றால் நரம்பு செத்துக் கால் மரத்துப்போகும். தவிடு முழுக்கப் போன வெள்ளைப் பச்சையரிசியை மட்டும் மாதக்கணக்காகத் தின்றால் வரும். போருக்கு வெகுகாலம் முன்னரே, 1900களின் தொடக்கத்தில், மலாயாவில் பிரடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்திருந்தார்: தீட்டிய வெள்ளையரிசி தின்ற சீனத் தொழிலாளிகளுக்கு இந்த வருத்தம் வருகிறது, புழுங்கல் அரிசி தின்ற தமிழருக்கு வருவதில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து மணிக்குள்ளே இறங்கிவிடுகிறது, பிறகு தீட்டினாலும் முழுக்கப் போகாது. நம் ஆச்சிமார் பெரிய பானையில் நெல் அவித்ததற்குள் இவ்வளவு இருக்கிறது. முகாம்களில் இருந்த மருத்துவர்களுக்கும் இது தெரியும். கெஞ்சியோ களவெடுத்தோ தவிடு தேடி, குப்பைபோல் மணக்கிற அதைக் கரண்டிக் கணக்கில் ஆட்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள்.

இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையிலேயே வைத்து விளக்க வேண்டி வந்தது. பத்து வருஷத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தா, எழுபது வயது இருக்கும். அவவின் சிற்றப்பா இங்கே கடற்படையில் இருந்தவர், நிலாவெளி வீதியில் கிடக்கிறார். தகப்பன் சிங்கப்பூரில் பிடிபட்டு ரயில்பாதையில் பிழைத்து வந்தவர். மயானம் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். சிவப்புப் புழுங்கல் சோறு, பருப்பு, கீரி மீன் குழம்பு. கடைக்காரப் பொடியன் கரண்டி கொண்டுவந்து வைத்தான். அவ அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தன் கைப்பையிலிருந்து துணியில் சுற்றின ஒரு அலுமினியக் கரண்டியை எடுத்தா. பொடியனுக்கு முகம் சுருங்கிப்போனது. தன் கடைக் கரண்டி சுத்தமில்லை என்று நினைத்துவிட்டான். நான் அவனைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னேன்.

கரண்டியின் இடதுபக்க விளிம்பு நேராகத் தேய்ந்திருந்தது, கத்தியால் சீவினதுபோல. மூன்றரை வருஷம் தகரக் கோப்பையின் அடியைச் சுரண்டிச் சுரண்டித் தேய்ந்த தேய்வு. காம்பில் ஆணியால் கீறின ஒரு இலக்கம். தகப்பன் சாகும்வரை அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தாராம், அதைவிட வேறு கரண்டியால் சாப்பிட்டதில்லையாம். ஆனால் எங்கே கிடைத்தது, எப்படித் தேய்ந்தது என்று ஒருநாளும் சொல்லவில்லை. செத்தபின் வேறு ஆட்களைக் கேட்டுத்தான் மகள் தெரிந்துகொண்டா. கடைப் பொடியன் அந்தக் கரண்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடக்கையன் இல்லை, வலக்கையன்தான்" என்றான். எனக்கு அது தோன்றவில்லை.

ஏன் அவர் சொல்லவில்லை? இதற்குக் குணம் மட்டும் காரணமில்லை. 1945 செப்டம்பர் தொடக்கத்தில் சிங்கப்பூருக்குள் நுழைந்த பிரித்தானியப் போர்க்கப்பல்களில் திருகோணமலையிலிருந்து போனவையும் இருந்தன. அங்கிருந்தும் ரங்கூனிலிருந்தும் பெரிய பயணக் கப்பல்களில் ஆட்களை ஏற்றினார்கள். அநேகமான கப்பல்கள் கொழும்பில் தட்டி, சூயஸ் பக்கம் குளிர் உடுப்பு வாங்கிக்கொண்டு இங்கிலாந்து போயின. விடுதலையானவர்கள் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள்: கண்டதைப் பத்திரிகைக்காரனிடம் சொல்லாதே, செத்தவனின் வீட்டுக்காரர் வாசித்தால் துடித்துப் போவார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் எலும்பும் தோலுமாக வருகிறவனுக்கு முதல் முதல் கிடைத்த கட்டளை வாயை மூடு என்பது. போய் இறங்கின ஊரில் ஐரோப்பியப் போர் முடிந்த கொண்டாட்டம் மே மாதமே முடிந்திருந்தது. கேட்க ஆளில்லை, சொல்ல உத்தரவில்லை. வருஷக்கணக்காக இரவில் கத்தி எழும்புகிறவனுக்குப் பக்கத்தில் படுத்திருந்த பெண்களைப் பற்றி யாரும் கணக்கெடுக்கவுமில்லை.

உடம்பு மறக்கவில்லை. லிவர்பூலில் உள்ள வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி 1945 முதல் ஐம்பது வருஷத்துக்கு மேல் இவர்களைப் பார்த்து வந்தது. ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்று ஒரு குடற்புழு, வெறுங்காலால் சேற்றில் நடக்கும்போது தோலுக்குள் ஏறுவது. அது உள்ளேயே பெருகிக்கொண்டிருக்கும். முகாமை விட்டு வந்து நாற்பது வருஷம் கழிந்தும் அந்தப் புழு இருந்த ஆட்களை அங்கே கண்டுபிடித்தார்கள். இடுப்பைச் சுற்றித் திடீரென்று ஓடி மறைகிற சிவப்புக் கோடு, ஊர் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. அதேபோல் பலருக்குப் பார்வை நரம்பும் பாதமும் ஒருநாளும் சரியாகவில்லை.

நட்டஈடு? இங்கேதான் இலங்கை மேடையில் ஏறுகிறது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யப்பானோடு சமாதான ஒப்பந்தம். நம் நிதி மந்திரி ஜே. ஆர். ஜெயவர்த்தனா எழும்பி, பகை பகையால் தணியாது என்ற புத்தர் வாக்கைச் சொல்லி, இலங்கை நட்டஈடு கேட்காது என்றார். யப்பான்காரர் இன்றும் அதை நினைத்து மரியாதை செய்கிறார்கள். நல்ல பேச்சு, நான் குறை சொல்ல மாட்டேன். கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்து செத்தவர்களின் வீட்டாரைக் கேட்டா சொன்னார் என்று மட்டும் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டிருக்கிறேன். அதே ஒப்பந்தத்தின் 16ஆம் பிரிவின்படி முன்னாள் போர்க்கைதிகளுக்கு ஒரு தொகை வந்தது. பிரித்தானியருக்கு ஆளுக்கு 76 பவுணும் சில்லறையும். 2000 நவம்பரில்தான் பிரித்தானிய அரசே உயிரோடிருந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் பத்தாயிரம் பவுண் கொடுத்தது. ஐம்பத்தைந்து வருஷம் கழிந்து.

76 பவுண் அவமானம் என்று அவர்கள் கடைசிவரை திட்டினார்கள். திட்டுவதற்காவது ஒரு தொகை இருந்தது. அதே ரயில்பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர், மலாயர், ஜாவாக்காரர், பர்மியர் என்று ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் வேலை செய்தார்கள். மூன்று மாத வேலை, சம்பளம், சாப்பாடு என்று சொல்லிச் சிலரை ஏற்றினார்கள். படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்திப் பிடித்ததும் உண்டு என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தொண்ணூறாயிரம் வரை செத்தார்கள் என்பது மதிப்பீடு. எண்ணினவர் யாருமில்லை, அதனால் மதிப்பீடு. புழுங்கல் அரிசி தின்று வளர்ந்த அதே தமிழன் அங்கே வெள்ளையரிசியும் உப்புத் தண்ணீரும் குடித்துச் செத்தான். வெள்ளைக்காரக் கைதிக்கு முகாமில் தன் மருத்துவர் இருந்தார், அதிகாரி இருந்தார், செத்தவன் பெயரை மூங்கிலுக்குள் ஒளித்து வைத்தாவது எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து பெண்டு பிள்ளையோடு போனவனுக்கு யார் இருந்தது? 1943 மழைக்காலத்தில் கொலரா வந்தபோது குடிசை குடிசையாக எரித்தார்கள்.

உங்கள் அம்மம்மாவின் தமையன் ரயில்வே என்றீர்கள். மலாயாவின் கிழக்குப் பக்க ரயில்பாதையைக் கழற்றித்தான் அந்தத் தண்டவாளங்களைச் சயாமுக்கு ஏற்றினார்கள். தண்டவாளத்தோடு ரயில்வே ஆட்களையும் அனுப்பினார்கள். மலாயா ரயில்வேயில் இலங்கைத் தமிழர் எவ்வளவு பேர் என்பது மலாயாவில் உழைத்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய நம் மலாயன் பென்சனியர் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். ஆகவே உங்கள் வீட்டுக் கதை நம்பக்கூடியது. ஆனால் சீருடைப் படையில் இல்லாதவர் போர்க்கைதி ஆகமாட்டார். கைதி அட்டை இல்லை, இருபத்தைந்து சொல்லுக்குள் அடங்குகிற தபாலட்டை இல்லை, 76 பவுண் இல்லை.

இந்தச் சொல்லை வைத்துப் பெரிய நாடுகள் விளையாடியதும் உண்டு. 1945-ல் சரணடைந்த யப்பானியப் படையினரைப் பிரித்தானியர் போர்க்கைதி என்று எழுதவில்லை, "சரணடைந்த ஆட்கள்" என்று எழுதினார்கள். அப்படி எழுதினால் போர்க்கைதிக்குரிய உரிமைகள் கொடுக்கத் தேவையில்லை. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் 1947 வரை அவர்களைக் கூலி வேலைக்கு வைத்திருந்தார்கள். நம் நாட்டுக்கு வந்தால், 1949-ன் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை சொல்லுகிற போர்க்கைதி நாடும் நாடும் மோதுகிற போருக்கு மட்டும். உள்நாட்டுப் போருக்கு அதில் ஒரேயொரு பொதுப் பிரிவுதான் பொருந்தும், அதில் அந்தச் சொல் கிடையாது. 2009 மே மாதத்தில் கையை உயர்த்தி வந்தவர்களைப் "புனர்வாழ்வு பெறுவோர்" என்று அரசு எழுதியது. ஊரில் "தடுப்பில இருந்தவர்" என்பார்கள். மூதூரிலும் சம்பூரிலும் எனக்குத் தெரிந்த ஓரிருவர் மீன் ஏற்றுகிறார்கள், மேசன் வேலை செய்கிறார்கள், அந்த நாட்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தாருங்கள் என்று தாய்மார் 2017-ல் திருகோணமலையிலும் வீதியோரம் பந்தல் போட்டு உட்கார்ந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதற்கு மேல் இந்தப் பதிலில் நான் அதற்குள் போகவில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் யப்பானியர் எழுதிவைத்த கைதி அட்டைகள் ஐம்பதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. விடுதலையானவர்கள் நிரப்பின கேள்விப் படிவங்களும் இருக்கின்றன. ரயில்வே கிளாக்கர் பெயர் அதில் வராது. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. மலாயாவில் உத்தியோகத்தில் இருந்தவர்கள் சிலர் உள்ளூர்த் தொண்டர் படையிலும் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்தப் படை சீருடைப் படை. அதில் இருந்து பிடிபட்டவர் போர்க்கைதிதான், அவருக்கு அட்டை இருக்கலாம்.

படத்தில் காக்கி உடுப்பு என்று எழுதியிருந்தீர்கள். ரயில்வேக்காரரும் காக்கி போட்டார்கள், ஆகவே உடுப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. படத்தைச் சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றி, யன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தோள்பட்டையையும் தொப்பியையும் பாருங்கள். எஃப். எம். எஸ். என்பது மலாயாவின் கூட்டு மாநிலங்களைக் குறிக்கும். எஃப். எம். எஸ். ஆர். என்றால் ரயில்வே. எஃப். எம். எஸ். வி. எஃப். என்றால் தொண்டர் படை. பழைய படத்தில் ஆர் எழுத்தும் வி எழுத்தும் மங்கி ஒன்றுபோலத் தெரியும், அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். பின்பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரையோ ஊர்ப் பெயரோ இருந்தால் அதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.